பிரேக் அக்காவின் குரல்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குக் கார் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் காதில் விழுந்தபோது அவள் அதைப் பட்டம் வாங்கியது போல எடுத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் "பிரேக்!" என்று ஒரு சத்தம் போட்டால், கற்றுக்கொள்கிறவர் மட்டுமில்லை, முன்னால் பைக்கில் போகிறவரும் சேர்ந்து பிரேக் பிடிப்பார் என்று பள்ளி முதலாளி புதிதாக வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். இணையத்தில் யாரோ அந்தப் பள்ளிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, "பயிற்சியாளர் மிகவும் கத்துகிறார்" என்று எழுதியிருந்தார்கள். அக்கா அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "பொய் ஒண்ணும் எழுதலியே" என்றாள்.

கம்ப்யூட்டர், போன், இன்டர்நெட் என்று எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். போனில் வழி சொல்லும் பெண் குரல் அவளுக்கு அறவே ஆகாது. "எத்தனை தடவ தப்பா திரும்பினாலும் அவளுக்குக் கோவமே வராது. மறுபடியும் முதல்லேர்ந்து வழி சொல்லுவா. கோவமே வராதவகிட்ட யாராவது எதையாவது கத்துக்க முடியுமா?" காருக்குள் இருந்த ரிவர்ஸ் கேமராவின் திரையில் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாள். கழுத்து என்று ஒன்று திரும்பத்தானே இருக்கிறது என்பது அவள் கட்சி. வகுப்பு தொடங்கும் முன் கற்றுக்கொள்கிறவரின் போன் பின்சீட்டுப் பைக்குள் போய்விட வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி. குரூப்பில் ஏதாவது பயங்கரமான செய்தி வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் ஒரு டீ போட்டு ஆறவைத்துக் குடித்து முடிக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். "டீ முடியறதுக்குள்ள அது பொய்யுன்னு நமக்கே தெரிஞ்சிடும்."

ஒருநாள் அவள் கணவர் ஆளில்லாமல் ஓடும் கார் ஒன்றின் வீடியோவைக் காட்டினார். அவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடியும் முன் போய் மதியம் திரும்பிவிடுவார்.

"பாரு, டிரைவர் சீட் காலியா இருக்கு."

அவள் முழுவதையும் பார்த்தாள். "நல்லாத்தான் போகுது. ஆனா ஏதாவது ஆச்சுன்னா யாரைத் திட்டுறது?"

அவர் "ம்" என்றார். அந்த வீட்டில் பேச்சு முழுக்க அவள் பொறுப்பு, "ம்" கொட்டுவது அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

இத்தனை சட்டம் பேசியவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைத்ததும் போனை அலமாரியில் சாய்த்து வைத்து, வேறு ஊரில் இருக்கும் தங்கைக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாள். சின்ன மெசேஜ் இல்லை. குழம்பு கொதித்து இறங்கும் வரை ஓடும். அன்றைக்கு யார் எந்தச் சுவரில் மோதப் பார்த்தார்கள், முதலாளி என்ன சொன்னார், கால்வலி எப்படி இருக்கிறது, எல்லாம் அதில் வரும். டைப் செய்யலாமே என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்கு. நமக்கு வாய் இருக்கு" என்பாள்.

அந்த வாய்க்குத்தான் வந்தது.

முதலில் தொண்டை கட்டியது. கத்திக் கத்திக் கட்டியிருக்கும் என்று வெந்நீர் குடித்தாள். கட்டு விடவில்லை. குரல் கரகரத்து, பிறகு தேய்ந்து, ஒருநாள் வகுப்பில் "பிரேக்" என்றபோது பாதிதான் வெளியே வந்தது. மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். குரல்வளையில் கட்டி. எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், ஆனால் குரல்வளையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், தள்ளிப்போட நேரமில்லை என்றார்.

"அப்புறம் பேச்சு?" என்று கேட்டது கணவர்தான்.

"பழைய மாதிரி வராது. வேற வழிகள் இருக்கு. முதல்ல உயிரைப் பாப்போம்."

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது அவள் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். வாய் அசைந்தது. கழுத்தில் புதிதாக இருந்த துளை வழியே காற்று மட்டும் வந்து போயிற்று. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். புது அடுப்பு ஒரு பக்கம் மட்டும் தீய்த்துவிடுகிறது, மழை நாளில் மாவு பொங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, கூட வேலை செய்கிறவன் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு யாருக்கும் சொல்லாமல் சுட்டுவிட்டான். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் போனை வாங்கி மெதுவாகத் தட்டினாள்: "இவ்வளவு பேசுவீங்களா?"

"நீ விட்டாத்தானே" என்றார் அவர்.

உடம்பு தேற மாதங்கள் ஆயின. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்தார்கள். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈ பேசுவது போல இருந்தது. கடை கண்ணிக்குப் போதும், காருக்கு ஆகாது. ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவசரத்துக்கு ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது? பேசுவதற்கென்று தொண்டையில் ஒரு வால்வு பொருத்தலாம், அதற்கு இன்னும் புண் ஆற வேண்டும் என்றார் மருத்துவர்.

பள்ளி முதலாளி நல்ல மனிதர். "ஆபீஸ்ல உக்காருங்க அக்கா. பேப்பர் வேலை இருக்கு, நிழல்ல இருக்கலாம்" என்றார்.

அவள் போனில் தட்டிக் காட்டினாள்: "போனது வாய். பிரேக் கால்ல இருக்கு."

பயிற்சிக் காரில் கற்பிக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதைச் சொல்கிறாள். முதலாளி யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். முதலில் பயந்த புது ஆட்கள் வேண்டாம், பழகினவரோடு ஓட்டிப் பாருங்கள் என்று ஒருவரைச் சேர்த்துவிட்டார்.

அந்தப் பழகினவர்தான் ரிவர்ஸ். நாற்பதைத் தாண்டிய பெண். தேர்வில் ஏற்கெனவே தோற்றவள். பதற்றம் வந்தால் கை தானாக ரிவர்ஸ் கியருக்குப் போய்விடும், அதனால் அக்கா வைத்த பெயர். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் வேறு யாரிடமும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று காத்திருந்தாள்.

அக்கா போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தட்டினால் அது பேசும். பேசிய குரலைக் கேட்டதும் அவளுக்கே முகம் சுருங்கியது. வழி சொல்கிறவளின் கூடப்பிறந்தவள் மாதிரியே இருந்தது அது. அதே பொறுமை, அதே செய்தி வாசிக்கிற தமிழ்.

கார் பள்ளிக்கூடத்துச் சந்தில் திரும்பியது. கிளச் பாதியில் நின்று வண்டி முனகியது. "விடும்மா" என்று சொல்ல நினைத்த அக்கா அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டாள்.

"கிளச்சை விடுமா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டது போன்.

ரிவர்ஸ் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, "தெரியலக்கா, விடும்னுதான் நெனைக்கிறேன்" என்றாள்.

அக்கா அடுத்த வார்த்தையைத் தட்டக் குனிந்தாள். அந்தக் கண நேரத்தில் கார் ஓரத்துக் குப்பைத்தொட்டியை நோக்கிப் போனது. நிமிர்ந்து அவள் மிதிப்பதற்குள் தொட்டி சாய்ந்து உருண்டது. எல்லாம் முடிந்து கார் நின்ற பிறகு, போன் நிதானமாகச் சொன்னது: "பிரேக்கை அழுத்தவும்."

ரிவர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, தோள்கள் மட்டும் ஆடின. பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ திசை மாறி, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினாள்: "நான் மிதிச்சா கார் நிக்கும். ஆனா நீ கத்துக்க மாட்டே. உனக்குக் காதுல விழணும்."

ரிவர்ஸ் இறங்கிப்போய்த் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். "அக்கா, நான் என்ன வேலை பாக்கிறேன்னு நீங்க கேட்டதே இல்ல."

உண்மைதான். பேச்சு முழுக்க அக்கா பொறுப்பாக இருந்ததால் கேட்கவே இல்லை.

"கம்ப்யூட்டருக்குப் பேசக் கத்துக்குடுக்கிற வேலை. போன்ல கூப்பிட்டா பேசுற குரலெல்லாம் நாங்க செய்யறதுதான். உங்க பழைய குரல் எங்கயாவது பதிவாகி இருக்கா? நிறைய இருந்தா, அதை வெச்சே உங்க குரல்ல பேசுற மாதிரி செஞ்சு பாக்கலாம்."

அக்காவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. தங்கைக்குப் போட்ட மெசேஜ்கள். ஆண்டுக்கணக்காக. ஆனால் அவள் தட்டியது அது இல்லை: "என் குரல்ல வேற யாராவது பேசிட்டா?"

ரிவர்ஸ் மழுப்பவில்லை. "பேச முடியும்க்கா. ஏமாத்துறவங்க அதையும் செய்யறாங்க. அதனால ஆபீஸ் மெஷின்ல வேண்டாம், என் சொந்த கம்ப்யூட்டர்ல செய்யறேன். முடிஞ்சதும் உங்க கண்ணு முன்னாடி எல்லாத்தையும் அழிச்சிடறேன். குரல் உங்க போன்ல மட்டும் இருக்கட்டும். வீட்டாளுங்களுக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்கங்க. அந்த வார்த்தை வராம உங்க குரல்ல யார் எதைக் கேட்டாலும் நம்ப வேண்டாம்."

இதை அக்கா ஒரு நாள் முழுக்க மனதுக்குள் உருட்டினாள். டீ கூட ஆறிப்போயிற்று. ஒரு குரல் தொண்டையில் இருக்கும்போது அது நம்முடையதுதானா என்று யாரும் கேட்பதில்லை. கருவிக்குள் போய்விட்டால் கேட்பார்கள். வரும் தொழில்நுட்பம் எல்லாம் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று பேசுகிறவர்களை அவள் கேட்டிருக்கிறாள். அது அரைகுறைப் பேச்சு என்று அவளுக்குத் தோன்றியது. காரும் அப்படித்தான். நல்ல கையில் கொடுத்தாலும் பிரேக் இல்லாத வண்டியைத் தெருவில் விடக்கூடாது. இந்தக் குரலுக்கும் பிரேக் வேண்டும். ரிவர்ஸ் சொன்னவை பிரேக் மாதிரிதான் இருந்தன. சரி என்று தட்டினாள்.

அன்று மாலை வீடியோவில் தங்கையைக் கூப்பிட்டு, விஷயத்தைக் கணவர் எடுத்துச் சொன்னார். தங்கை அழுதாள். "ஒண்ணைக்கூட அழிக்கலக்கா. போன் மாத்தினப்பல்லாம் அதையும் சேத்து மாத்திக்கிட்டேன்." பிறகு திடீரென்று மூக்கை உறிஞ்சி, குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அக்கா... அய்யய்யோ. அதுல பாதி அத்தானைப் பத்தித்தானே இருக்கு!"

அத்தான் இன்னும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாததா?" என்றார் கணவர். "அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல கதவே கிடையாது. எல்லாத்தையும் நேரடி ஒலிபரப்புல கேட்டவன் நான்."

தங்கை ஒவ்வொன்றாகக் கேட்டு, குடும்ப மானத்தைக் காப்பாற்றி, மீதியை அனுப்பினாள். ரகசிய வார்த்தையையும் அவளே சொன்னாள். சிறுவயதில் அக்காவை அவள் கூப்பிட்ட ஒரு செல்லப்பெயர். அது அந்த மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சில வாரங்கள் கழித்து ரிவர்ஸ் வீட்டுக்கு வந்தாள். கணவர் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் போனை மேசையில் வைத்து, "ஏதாவது தட்டுங்கக்கா" என்றாள்.

அக்காவுக்கு என்ன தட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில், "நான்தான் பேசறேன்" என்று தட்டினாள்.

"நான்தான் பேசறேன்" என்றது போன்.

அவளேதான். மூக்கில் லேசாகத் தட்டிவிட்டு வரும் அந்தக் குரல், கடைசி எழுத்தைப் பாதியில் கைவிடும் அந்தச் சோம்பல். செய்தி வாசிக்கிற தமிழ் இல்லை, அடுப்படித் தமிழ். அடுப்படியில் டம்ளர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"ஒரு குறை இருக்கு" என்றாள் ரிவர்ஸ். "தங்கச்சிகிட்ட நிதானமாப் பேசினதுதானே எல்லாம். அதனால 'பிரேக்'னு தட்டினா, கதை சொல்ற மாதிரி வருது. கத்தற சத்தம் கொஞ்சம்தான் கெடச்சுது. நடுநடுவுல யாரையோ திட்டியிருக்கீங்க. 'பால்! பால் பொங்குது, அடுப்பை அணைங்க!' அப்படின்னு. அதையெல்லாம் பொறுக்கி எடுத்துத் தனியாக் கத்துக்குடுத்திருக்கேன். கேளுங்க."

"பிரேக்!" என்று அலறியது போன்.

அடுப்படிக்குள் தடதடவென்று ஓடும் சத்தம். அடுப்பு அணைந்தது. கணவர் கரித்துணியோடு வாசலில் வந்து நின்றார். பால் ஒரு சொட்டுக்கூடப் பொங்கியிருக்கவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எனக்கு விழுந்த திட்டு" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் ஒரு கர்வம் இருந்தது. "வாங்கினவனுக்குத் தெரியாதா?"

காருக்குள் தட்டிக்கொண்டிருக்க முடியாதே என்பதற்கும் ஒரு வழி பிறந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் வைத்திருக்கும் சின்னப் பொத்தான் பலகை ஒன்றை ரிவர்ஸ் வாங்கி வந்து, பொத்தானுக்கு ஒரு வார்த்தை என்று போனோடு இணைத்தாள். கணவர் அதை அக்காவின் வலது கைக்கு எட்டும்படி முன்பலகையில் பொருத்தினார். பிரேக் பொத்தானுக்கு மட்டும் சிவப்புத் துணி ஒட்டினார், பார்க்காமலே விரலுக்குத் தெரியட்டும் என்று. கிளச், கண்ணாடி பாரு, மெதுவா, வலது, இடது. ஓரத்தில் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு என்ன வார்த்தை என்று கேட்டபோது அக்கா வெகு நேரம் யோசித்துத் தட்டினாள்: "பரவாயில்ல, போ." அதைத் தான் யாரிடமாவது சொல்லியிருக்கிறோமா என்று அவளுக்குச் சந்தேகம். தங்கையிடம் சொல்லியிருந்தாள். தங்கைக்கு வேலை போன சமயத்தில் போட்ட மெசேஜில்.

மறுபடியும் அதே சந்து. ரிவர்ஸ் நன்றாகவே ஓட்டினாள். சாமான் இறக்க நின்றிருந்த லாரியைத் தாண்டும் நேரம், லாரிக்குப் பின்னாலிருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று சட்டென்று தெருவுக்குள் வந்தது. தள்ளியவரின் முகம் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

அக்காவின் விரல் சிவப்புத் துணியில் விழுந்தது.

"பிரேக்!"

கார் நின்றது. பெட்டிகளுக்கும் காருக்கும் நடுவே ஆள் நுழையும் இடம் இருந்தது. தள்ளுவண்டிக்காரர் எட்டிப் பார்த்து, யார் கத்தியது என்று காருக்குள் தேடினார். அக்கா தன் காலடியைக் குனிந்து பார்த்தாள். அவள் கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் இருந்தது, மிதிக்கவே இல்லை. நிறுத்தியது ரிவர்ஸ். கியரும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ரிவர்ஸ் அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்க மிதிச்சீங்களாக்கா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். ஓரத்துப் பொத்தானை அமுக்கினாள்.

"பரவாயில்ல, போ."

அடுத்த தேர்வில் ரிவர்ஸ் தேறினாள். பள்ளியில் அக்காவின் வகுப்புகள் பழையபடி நிரம்பின. இணையத்தில் யாரோ, "பயிற்சியாளர் பொத்தானை அமுக்கிக் கத்துகிறார்" என்று எழுதி நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். கருத்துகளும் குறைந்துவிடவில்லை. தட்டிச் சொல்ல வேண்டியிருப்பதால் பாதிக் கருத்து பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அது ஊருக்கு நல்லது என்கிறார் கணவர். இப்போதெல்லாம் மாலையில் அவர் பேசுகிறார், அவள் கேட்கிறாள். எங்கே எதை மிகைப்படுத்துகிறார் என்று விரலை நீட்டிக் காட்டுகிறாள். வீட்டில் அந்தக் குரலை அவள் அதிகம் எடுப்பதில்லை. அது வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் செருப்பு மாதிரி, வீட்டுக்குள் வேண்டாம் என்று ஒருமுறை தட்டிக் காட்டினாள்.

மழைக்காலம் முடிந்த சமயம் முதலாளி தயங்கித் தயங்கி ஒரு செய்தி கொண்டுவந்தார். ஒரு தையல்காரப் பெண், பிறவியிலிருந்தே காது கேட்காது. துணி எடுத்துப் போக வர கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. ஓட்டலாம் என்று மருத்துவச் சான்று இருக்கிறது. எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

"நம்மாலயும் முடியாதுன்னுதான் சொல்லலாம்னு..." என்று இழுத்தார்.

அக்கா ஒரே வார்த்தை தட்டினாள்: "அனுப்புங்க."

கணவரும் ரிவர்ஸும் ஒரு விடுமுறை நாள் முழுக்கக் காருக்குள் கிடந்தார்கள். பொத்தான் பலகையிலிருந்து கம்பி இழுத்து, ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி ஸ்டீயரிங்குக்கு மேலே சின்னச் சின்ன விளக்குகள் வைத்தார்கள். பிரேக்குக்குச் சிவப்பு, மெதுவாவுக்கு மஞ்சள், போவதற்குப் பச்சை. இடது வலதுக்கு அம்பு.

தையல்காரப் பெண் முதல் நாள் வந்தபோது, காரில் ஏறும் முன் தன் போனைத் தானாகவே பின்சீட்டுப் பையில் போட்டாள். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சீட்டைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட்டை மாட்டினாள். மாட்டிய பிறகு அக்காவின் கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய துணியைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள், என்ன செய்ய என்பது போல. அக்கா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி அதே மாதிரி கையை விரித்தாள். இருவரும் சிரித்தார்கள்.

அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பெடல் போல வைத்து, ஒன்று மெல்ல எழும்ப மற்றொன்று மெல்ல அமுங்குவதைச் செய்து காட்டினாள். இத்தனை காலம் இதைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையால் காட்டினால் இவ்வளவு லேசாக விளங்கும் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. மற்றவர்களுக்கும் இனி இப்படித்தான் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. தையல்காரப் பெண் கிளச்சை விட்டாள். கார் ஒருமுறை உதறி, சமாளித்து, நகர்ந்தது.